இலக்கம் ஆறு, கொக்கோ ஸ்டோர் வரிசை

இல. 6, கொக்கோ ஸ்டோர் வரிசை,
யட்டவத்த ரோடு.
04.03.2024

மதிப்புக்குரிய ஞானசுந்தரம் ஐயாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கவில்லை, கோபிக்க வேண்டாம். நலமாக இருப்பவர்கள்தான் அதைக் கேட்க வேண்டும்.

நான் கெத்தரின். கொக்கோ ஸ்டோர் வரிசையில் கடைசி வீடு. போன ஓகஸ்ட் மாதம் நீங்கள் பிரதேச சபையிலிருந்து வந்து, எங்கள் ஆறு வீட்டுச் சுவரிலும் வெடிப்புக்குக் குறுக்கே ஆளுக்கொரு கண்ணாடித் துண்டு ஒட்டிவிட்டுப் போனீர்களே, அதில் ஆறாவது துண்டுக்குச் சொந்தக்காரி. அன்றைக்கு எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்து நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். கண்ணாடி உடையாமல் இருந்தால் சுவர் அசையவில்லை, வீட்டுக்காரர் திருத்திக் கொடுக்க வேண்டும். உடைந்தால் சுவர் நகர்கிறது, வீடு குடியிருக்கத் தகுதியில்லை, சபை வேறு வீடு தரும்.

மற்ற ஐந்து வீட்டிலும் கண்ணாடி உடைந்தது. அவர்கள் எல்லோரும் பெப்ரவரி மாதம் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் சபை கட்டிய புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் இங்கே இருக்கிறேன். உங்கள் இடத்துக்கு வந்த சஜீவன் சேர் ஜனவரியில் பார்த்துவிட்டு, “ஆறாம் இலக்கத்தில் வெடிப்பு இல்லை, சுவர் நல்ல நிலை” என்று எழுதிவிட்டார். டிசம்பரில் நத்தாருக்கு முன்னால் நாங்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். நானும் அடித்தேன். அதனால் அவருக்கு வெடிப்பு தெரியவில்லை.

வீட்டுக்காரர் ரவூப் முதலாளி, காலியான ஐந்து வீட்டுக் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். விட்டுவைத்தால் களவு போகுமாம். இப்போது ஒரு மழை பெய்தால் ஐந்து வீட்டுத் தண்ணீரும் சரிவில் ஓடிவந்து என் சுவரடியில்தான் தேங்குகிறது. சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது.

நான் ஏன் இந்த வீட்டைவிட்டுப் போக விரும்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மகள் டயனாவுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான். ஆனால் இனி இருக்கவும் முடியாது. ஏப்ரல் 25ஆம் திகதி சபையில் விசாரணை வைத்திருக்கிறார்கள். “ஆறாம் இலக்கத்தில் வெடிப்பு இருந்தது, என் கண்ணால் கண்டேன்” என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். உங்கள் போன் நம்பரைக் கேட்டேன், தரமாட்டோம் என்றார்கள். வவுனியா அலுவலக விலாசம்தான் கிடைத்தது. அதுவும் நல்லதுதான். விசாரணைக்குக் கடதாசிதானே வேண்டும்.

இன்னொன்று. பக்கத்து வீட்டு மரியாயி என் தேங்காய்த் திருவலையை இரவல் வாங்கிப் போய் மூன்று நாள் வைத்துக்கொள்வாள். அதற்காக வாரம் ஒரு சண்டை போடுவோம். இப்போது திருவலை என்னிடமே இருக்கிறது. சண்டை போடத்தான் ஆள் இல்லை.

இப்படிக்கு,
கெத்தரின் ரபாயேல்


வவுனியா
13.03.2024

திருமதி கெத்தரின் ரபாயேல்,

விடயம்: இல. 6 வீட்டுச் சுவர் தொடர்பானது

1. தங்களின் 04.03.2024 திகதிய கடிதம் கிடைத்தது.

2. நான் 30.11.2023 அன்று மேற்படி சபையிலிருந்து இடமாற்றம் பெற்று வந்துவிட்டேன். வரிசை வீடுகள் தொடர்பான ஆவணக் கோவை முழுவதும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் திரு. சஜீவனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய அறிக்கை குறித்து இங்கிருந்து நான் கருத்துக் கூறுவது முறையாகாது.

3. தாங்கள் விசாரணையில் நேரில் தோன்றி விடயத்தை எடுத்துரைக்கலாம்.

4. மழை நாட்களில் முன்னறையில் இருக்க வேண்டாம். கட்டிலைப் பின்னறைக்கு மாற்றவும்.

ச. ஞானசுந்தரம்
தொழில்நுட்ப உத்தியோகத்தர்


இல. 6, கொக்கோ ஸ்டோர் வரிசை
21.03.2024

ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆறு தரம் வாசித்தேன். முதல் மூன்று இலக்கமும் சபை எழுதியது. நாலாம் இலக்கம் மட்டும் மனிதர் எழுதியது. கட்டிலை மாற்றிவிட்டேன்.

மற்றதைப் பற்றி என்ன சொல்ல? கன்னியர் மட விடுதியில் இருபத்திரண்டு வருடம் சமைத்தவள் நான். எழுதத் தெரியாத பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். எந்த மேசைக்குப் போனாலும் “அது அடுத்த மேசை” என்று அனுப்புவார்கள், எனக்குத் தெரியாததில்லை. ஆனால் நீங்களும் அப்படி அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தீர்கள்! கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு, உங்கள் மனைவி பாலேஸ்வரி அம்மா கனடாவில் மகன் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கென்று போய் மூன்று வருடமாகிறது என்று சொன்னதும் அந்த நாற்காலியில் இருந்துதான். இடமாற்றம் வந்தபோது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டீர்கள். நவம்பர் முடிந்து டிசம்பர் பிறந்தும் நான் இரண்டாவது கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தேன்.

சஜீவன் சேரைப் போய்ப் பார்த்தேன். நல்ல பிள்ளை, முகத்தில் கள்ளம் இல்லை.

“நான் கண்டதைத்தானே அம்மா எழுதேலும்? நான் வரேக்க சுவர் வெள்ளையா இருந்தது. கோவையிலயும் பழைய சேர் ஒண்டும் குறிக்கேல்ல.”

அதுதான் எனக்கு விளங்கவில்லை. மாதம் தவறாமல் வந்து பார்த்தீர்கள். கோவையில் ஏன் ஒன்றுமே இல்லை?

ரவூப் முதலாளியும் நேற்று வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றார்.

“கெத்தரினக்கா, இந்தச் செவரு விழுந்திரும்னு எனக்கே பயமா இருக்கு. நாவுல ஊருல ஒங்க தம்பி இருக்காருல்ல? அங்க போயிருங்களேன்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. நான் தம்பி வீட்டுக்குப் போனால், தானாக விட்டுப் போனவள் என்று சபை என் பெயரை வெட்டிவிடும். அவரும் வரிசையை இடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அதைச் சொன்னேன். “அப்படியெல்லாம் இல்லக்கா” என்று குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

ஒரு வரி போதும் ஐயா. ஒரே ஒரு வரி.

கெத்தரின்


வவுனியா
01.04.2024

திருமதி கெத்தரின்,

விடயம்: கண்ணாடித் துண்டு

திரு. சஜீவனுடன் தொலைபேசியில் பேசினேன். அவருடைய அறிக்கையில் வெடிப்பு இல்லை என்று மட்டுமே இருக்கிறது, கண்ணாடித் துண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டேன். அப்படியொரு பொருள் சுவரில் இருக்கவில்லை என்று உறுதியாகச் சொன்னார்.

இந்தத் தொழிலில் முப்பத்துமூன்று வருடம் இருக்கிறேன். வெடிப்பின் மேல் சுண்ணாம்பு அடிக்கலாம், வெடிப்பு மறையும். கண்ணாடித் துண்டு அப்படியல்ல. இரண்டு முனையிலும் பெருவிரல் கனத்துக்குச் சீமெந்து வைத்து நானே ஒட்டினேன். சுண்ணாம்புத் தூரிகை அதன் மேல் ஓடாது. எத்தனை பூச்சு அடித்தாலும் சுவரில் அது துருத்திக்கொண்டுதான் நிற்கும். ஆகவே யாரோ அதைத் தட்டிக் கழற்றிவிட்டு, பள்ளத்தைப் பூசி, அதன் பிறகே வெள்ளையடித்திருக்கிறார்கள்.

வெள்ளையடித்தது நீங்கள் என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. கழற்றியது யார் என்று இல்லை.

இதற்குப் பதில் தெரியாமல் ஒரு வரி எழுத என் கை ஓடாது. கட்டிலை மாற்றியது நல்லது.

ச. ஞானசுந்தரம்


இல. 6
09.04.2024

ஐயா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். நீங்கள் கிளறிவிட்டீர்கள்.

நான்தான் கழற்றினேன். டிசம்பர் மூன்றாம் திகதி, உங்கள் இடத்துக்குப் புது ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டு, ஞாயிறு பூசை முடிந்து வந்து, தேங்காய் உடைக்கிற கத்தியின் பின்பக்கத்தால் தட்டினேன். இலேசில் வரவில்லை. நல்ல சீமெந்து. பள்ளத்தில் களிமண்ணும் சாம்பலும் குழைத்து அப்பிவிட்டு, காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடித்தேன். மூன்று பூச்சு. என் கணவர் ரபாயேல் இருந்த காலத்தில்கூட இந்தச் சுவர் அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். டயனா போய் ஏழு வருடம். தான் விரும்பிய ரொஹானோடு போகிறேன் என்று நின்றாள். கோயிலில் கல்யாண ஓலை வாசிக்காமல், பங்குச் சாமியாரிடம் ஒரு சொல் சொல்லாமல் எப்படிப் போவாய் என்று நான் கத்தினேன். கத்தியதோடு நின்றிருக்கலாம். “இனி இந்த வாசலை மிதிக்காதே” என்றும் சொல்லிவிட்டேன். அவளும் என் பிள்ளைதானே, ரோஷம் குறையவில்லை, மிதிக்கவில்லை. பிறகு வேலைக்கென்று போன ஜோர்தானில் இருந்து நத்தாருக்கு நத்தார் ஒரு கார்டு மட்டும் வரும். அனுப்புகிறவள் விலாசம் இருக்காது. 2022இல் வந்த கார்டில்தான் முதல் தடவையாக ஒரு வரி இருந்தது. “அடுத்த நத்தாருக்கு வரப் பார்க்கிறேன் அம்மா.”

அடுத்த நத்தார் என்றால் போன நத்தார். அதற்குள் உங்கள் கண்ணாடி இரண்டாகிவிட்டது. ஒக்டோபர் மழையிலேயே உடைந்துவிட்டது ஐயா. உங்களுக்குத் தெரியக் கூடாது என்று திரு இருதயக் கலண்டரை அதன் மேல் மாட்டி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு தடவை வந்தும் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் கண்டால் எழுதுவீர்கள், எழுதினால் என்னைக் கிளப்புவார்கள், கிளப்பினால் முதலாளி இடித்துவிடுவார். அவள் பெட்டியோடு வந்து மண்மேட்டின் முன்னால் நிற்பாள். வாசலை மிதிக்காதே என்று சொன்னவள் நான். திரும்பி வரும்போது மிதிக்க ஒரு வாசலாவது இருக்க வேண்டாமா?

அவள் வரவில்லை. கார்டும் வரவில்லை. ஏழு வருடத்தில் கார்டு வராத முதல் நத்தார் இதுதான். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் ஒருத்தி இருந்தேன். அவளுக்கென்று சுட்ட கொக்கிஸ் பலகாரத்தை ஜனவரி வரைக்கும் மென்றேன்.

இப்போது சாகப் பயமா என்றால், இல்லை. அவள் எப்போதாவது வந்து, “அம்மா எங்கே” என்று கேட்டு, யாராவது இடிந்த சுவரைக் காட்டிவிடுவார்களோ என்றுதான் பயம். அந்தப் பாரத்தை அவள் தலையில் வைத்துவிட்டு நான் எப்படிப் போவது?

உடைந்த கண்ணாடியை எறியவில்லை. பால்மா டின்னில் இரண்டு துண்டும் இருக்கிறது. நீங்கள் கீறிய திகதியும் இருக்கிறது, 23.08.2023. இதை அறிந்த பிறகு நீங்கள் எழுதாவிட்டாலும் கோபமில்லை. உங்களுக்கு இன்னும் நாலைந்து மாதத்தில் ஓய்வு. என் பொய்க்காக உங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கெத்தரின்


வவுனியா
18.04.2024

கெத்தரின் அம்மாவுக்கு,

புத்தாண்டு விடுமுறையால் உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இம்முறை விடயம் என்று தலைப்பு எழுதவில்லை. எதைப் போடுவது என்று தெரியவில்லை.

நான் கண்டுபிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கண்டேன்.

14.11.2023. நான் கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்த நாள். ஓகஸ்டில் இல்லாத ஒரு கலண்டர் சுவரில் இடுப்பளவு உயரத்தில் தொங்கியது. கலண்டரை அந்த உயரத்தில் யாரும் மாட்டுவதில்லை. “என்ன அம்மா, உதை ஏன் இவ்வளவு பதிவா மாட்டி வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டேன், ஞாபகமிருக்கிறதா? “முழந்தாளில் இருந்து செபம் சொல்ல வசதி” என்றீர்கள். நீங்கள் தேத்தண்ணீர் போட உள்ளே போனதும் கலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி இரண்டாக நின்றது. நடுவில் என் நகம் நுழையும் இடைவெளி. கலண்டரை மறுபடியும் விட்டுவிட்டு நாற்காலியில் வந்து இருந்தேன்.

நீங்கள் இரண்டு கோப்பையோடு வந்து, மகள் வந்தால் எந்தப் பக்கம் கட்டில் போடுவது, நத்தாருக்குச் சேவலா பன்றியா என்றெல்லாம் கேட்டீர்கள். நான் சேவல் என்றேன். குறிப்புப் புத்தகம் மடியில் இருந்தது. திறக்கவில்லை. நத்தார் கழியட்டும், ஜனவரி முதல் வாரம் எழுதுவோம் என்று நினைத்தேன். நவம்பர் 27ஆம் திகதி இடமாற்றக் கட்டளை வந்தது. கோவையைச் சஜீவனிடம் கொடுக்கும்போது, ஆறாம் இலக்கத்தைக் கவனியும் என்று ஒரு வாய்ச்சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், கண்டும் ஏன் எழுதவில்லை என்று கேட்பார். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போனதும் அதனால்தான். உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.

ஆகவே அந்தச் சுவரின் கீழ் உங்களை விட்டுவிட்டு வந்தவன் நான். நீங்கள் கழற்றியது டிசம்பரில். நான் எழுத வேண்டியது நவம்பரில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், விதி அப்படித்தான். நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்தேன். அது சுவருக்காக அல்ல. அந்த ஊரில் நான்கு வருடம் இருந்தேன். என்னை இருக்கச் சொன்ன வீடு அது ஒன்றுதான்.

இன்று காலை சபைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதி அனுப்பிவிட்டேன். கண்ணாடி உடைந்திருந்ததை 14.11.2023 அன்று கண்டேன், கடமை தவறிக் குறிக்காமல் விட்டேன் என்று. என்ன வரும் என்பது தெரியும். விளக்கம் கேட்பார்கள். அது பரவாயில்லை. நீங்கள் விசாரணையில் கண்ணாடியைக் கழற்றியதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். அது சபை எழுத்தில் எங்கும் இல்லை.

மழை பெய்தால் பின்னறையிலும் இருக்க வேண்டாம். கோயில் மண்டபத்துக்குப் போய்விடுங்கள்.

ஞானசுந்தரம்


இல. 6
26.04.2024

ஐயா,

வாய் திறக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதிய கடிதம் எனக்குக் கிடைத்தது நேற்றுப் பின்னேரம், விசாரணை முடிந்து வீடு திரும்பிய பிறகு. தபால்காரர் நுஹ்மான் தம்பி கதவில் செருகிவிட்டுப் போயிருந்தார். அதற்குள் நான் வாயைத் திறந்து முடித்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மேசையில் செயலாளர் நிரஞ்சலா மிஸ், பக்கத்தில் சஜீவன் சேர், இந்தப் பக்கம் ரவூப் முதலாளி. மிஸ் என்னைப் பார்த்து, சுவர் நல்ல நிலை என்று அறிக்கை இருக்கிறது, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் பால்மா டின்னைத் திறந்து இரண்டு துண்டையும் மேசையில் வைத்து, திகதி சேரும்படி பொருத்திக் காட்டினேன்.

“இது உடைஞ்சது ஒக்டோபர்ல, மிஸ். கழட்டி எடுத்து வெள்ளையடிச்சது நான்தான். ஞானசுந்தரம் ஐயாகிட்ட மறைச்சேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. சஜீவன் சேரையும் ஏமாத்திட்டேன். என் மகள் வருவான்னு செஞ்சேன்.”

மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது.

“இதுக்கு உங்களுக்கு மேலேயே நடவடிக்கை எடுக்கேலும், தெரியுமோ அம்மா?”

“எடுங்க மிஸ். ஆனா செவரு விழுறதுக்கு முன்னுக்கு எடுங்க.”

மிஸ் கோவையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். முந்தின நாள்தான் வந்ததாம். உங்கள் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். அதை அவர் உரக்க வாசித்தார். “14.11.2023 அன்று கண்டேன்” என்ற வரியும் அதில் இருந்தது. கலண்டரைத் தூக்கிப் பார்த்தீர்களா! பார்த்துவிட்டு வந்து, சேவல் அடியுங்கள் என்று எனக்குப் புத்தி வேறு சொன்னீர்களா! விசாரணை அறையில் வைத்தே அழுதேன் ஐயா. சிரிப்பும் வந்தது.

ரவூப் முதலாளிதான் பேசினார்.

“மிஸ், வீட்டுக்காரன் நான். குத்தம்னு ஒண்ணு வந்தா என் தலையிலதான் விழும்னு பயந்துக்கிட்டு வந்தேன். இங்க ரெண்டு பேர் போட்டி போட்டு எடுத்துக்கிறாங்க. நான் டீ குடிக்கப் போகவா?”

சஜீவன் சேர் முதலில் சிரித்தார், பிறகு மிஸ்ஸும் சிரித்துவிட்டார். சிரித்தாலும் முதலாளியை விடவில்லை. குடியிருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் கூரையைக் கழற்றியதற்கு அவருக்கு ஒரு கட்டளை. நான் வெளியேறும் வரைக்கும் தகரத்தைத் திரும்பப் போட வேண்டும். எனக்கு, பூட்டிக் கிடக்கிற ஆறாவது புது வீட்டில் ஆறு மாதத்துக்குத் தற்காலிக இடம். பிறகு யோசித்துச் சொல்வார்களாம். “முதல்ல ஆளை வெளியில எடுப்பம். ஃபைலைப் பிறகு பாப்பம்” என்றார் மிஸ்.

உங்களுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அது வேறு மேசை என்றார்.

ஏன் ஐயா எழுதினீர்கள்? ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது! திட்ட வேண்டும் போல இருக்கிறது. நேரில் இருந்தால் திட்டிவிட்டுத் தேத்தண்ணீர் தந்திருப்பேன்.

கெத்தரின்


சபை வீடமைப்பு, வீடு 6,
தண்ணீர்த் தாங்கி வீதி.
03.06.2024

ஐயாவுக்கு,

விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். மே மாதம் 9ஆம் திகதி சாமான் ஏற்றினேன். ஒரு முச்சக்கர வண்டிக்கு ஒன்றரை நடை. இவ்வளவுதானா என் வீடு என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

மே 22, வெசாக் பண்டிகைக்கு முந்தின நாள் பகல் மழையில் சுவர் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. போய்ப் பார்த்தேன். முன்னறை இருந்த இடத்தில் செங்கல்லும் மண்ணும் முழங்காலளவு கிடந்தது. என் மூன்று பூச்சுச் சுண்ணாம்பு தட்டுத் தட்டாகக் கிடந்தது. கட்டில் முன்பு போட்டிருந்த இடத்தில்தான் மேல் உத்தரம் கிடந்தது. உங்கள் நாலாம் இலக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

ரவூப் முதலாளி அங்கே நின்றார். “கெத்தரினக்கா, ஒங்களுக்கு இதுல ஏதாச்சும் வேணும்னா எடுத்துக்கங்க” என்றார். வாசல் படிக்கல்லைக் கேட்டேன். வேறு ஏதாவது கேளுங்கள், கதவு நல்ல கதவு என்றார். கதவு வேண்டாம் என்றேன். மறுநாள் லேண்ட்மாஸ்டர் ட்ரக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர்தான். இப்போது அது இந்த வீட்டு வாசலில் கிடக்கிறது. கொஞ்சம் உயரம் கூடிவிட்டது, மரியாயி வரும்போதெல்லாம் இடறிக்கொண்டு திட்டுகிறாள். ஆம், இங்கேயும் பக்கத்து வீடு அவள்தான். திருவலையை வந்த அன்றே கொண்டுபோய்விட்டாள்.

வாசலைக் கொண்டுவந்துவிட்டேன். விலாசத்தைக் கொண்டுவர முடியவில்லை. அதுதான் இப்போது என் கவலை. இந்தப் பக்கம் வேறு தபால்காரர், றம்ஸி என்று பெயர். “இங்க யாருக்கும் காயிதம் வர்றதில்ல உம்மா, பில்லு மட்டுந்தான்” என்கிறார். பழைய பக்கத்து நுஹ்மான் தம்பி, “ஒங்களுக்கு வந்தா நானே கொண்டாந்து தர்றேன் அக்கா” என்கிறார். நல்ல மனது. ஆனால் அவருக்கு ஒக்டோபரில் இடமாற்றமாம். அதற்குப் பிறகு டயனாவின் கார்டு “கொக்கோ ஸ்டோர் வரிசை” என்று வந்தால், அப்படியொரு வரிசையே இல்லை என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பிவிடுவார்கள். திருப்புவதற்கும் அதில் விலாசம் இருக்காது. எங்கே போகும்? தபால் கந்தோரில் விலாச மாற்றம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடதாசி ஒன்று மேசை இலாச்சிக்குள் கிடந்தால் போதுமா என்பது உங்களுக்குத் தெரியாததா!

அதனால் ஒரு உதவி. நீங்கள் எனக்கு எழுதுங்கள். என்ன எழுதினாலும் சரி, வெறும் தாளானாலும் சரி. ஆனால் இந்தப் புது விலாசத்துக்கு வேண்டாம், பழைய விலாசத்துக்கே எழுதுங்கள். தபால் கந்தோரில் பிரிக்கிறவர்களுக்கு, அந்த வரிசை என்றால் இந்த வீடு என்று கை பழக வேண்டும். நுஹ்மான் தம்பி போவதற்குள் றம்ஸிக்கும் பழக வேண்டும். என் பெயருக்குக் கடிதம் எழுத எனக்கு வேறு ஆள் இல்லை.

உங்களுக்கு என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். மறைக்க வேண்டாம். மறைத்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் பார்த்துவிட்டோம்.

கெத்தரின்


வவுனியா
17.06.2024

திருமதி கெத்தரின் ரபாயேல்,
இல. 6, கொக்கோ ஸ்டோர் வரிசை,
யட்டவத்த ரோடு.

விடயம்: தபால் வழி

கெத்தரின் அம்மாவுக்கு,

1. கேட்டுக்கொண்டபடி, இடிந்த வீட்டின் விலாசத்துக்கு இக்கடிதத்தை அனுப்புகிறேன். இல்லாத வீடொன்றை இருப்பதாகக் காட்டி நான் எழுதும் முதற் கடிதம் இது.

2. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்திருக்கிறார்கள். ஓய்வூதியத்துக்குப் பாதிப்பில்லை. ஆகவே திட்ட வேண்டியதில்லை.

3. பாலேஸ்வரிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்தப் பிள்ளை வந்திட்டாளோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். இப்போது ஞாயிறு தோறும் முதலில் அதைத்தான் கேட்கிறார். நீர் எப்போது வருவீர் என்று நான் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

4. மாதம் இரண்டு கடிதம் அனுப்புவேன், பதினைந்து நாளுக்கு ஒன்று. டிசம்பரில் வாரம் ஒன்று. ஓகஸ்டுக்குப் பிறகு சுன்னாகத்தில் என் வீட்டிலிருந்து வரும். அங்கே நான் மட்டும்தான், ஆகவே எழுத நேரம் இருக்கும்.

5. படிக்கல்லின் கீழ் ஒரு சாண் ஆழத்துக்குச் சரளை போட்டு இடித்து இருத்தவும். உயரம் குறையும், மரியாயி அம்மா இடற மாட்டார்.

6. இக்கடிதம் எத்தனையாம் நாள் உங்கள் கைக்கு வந்தது, கொண்டுவந்தது நுஹ்மானா றம்ஸியா என்பதைக் குறித்து எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் குறியுங்கள். இம்முறை நானும் என் குறிப்புப் புத்தகத்தில் குறிக்கிறேன். நத்தாருக்கு முன் வழி சரியாகிவிட வேண்டும்.

ஞானசுந்தரம்